அடுப்பு மூட்டாத இரு விடியற்காலைகள்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி ஆகிய மேற்குப் புறநகர்களில் வாழ்கிற எங்களுக்குக் கடல் என்பது பெரும்பாலும் ஒரு காற்றாகவே அறிமுகமானது. சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் பதினொன்று, பன்னிரண்டு மணியளவில் கரையோரத்தில் எழும் கடற்காற்று, நகரத்தின் மாடிகளையெல்லாம் கடந்து, அம்பத்தூர் எஸ்டேட்டின் தகரக் கூரைகளைத் தடவிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் பிற்பகல் சாய்ந்துவிடும். மேல்காற்று வலுத்த நாட்களில் அது வராமலே போவதும் உண்டு. வந்துவிட்டால், மதியம் முழுவதும் சாத்திக் கிடந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். "காத்து வந்துடுச்சு, கதவைத் தெறங்க" என்று என் தாயார் உள்ளிருந்து குரல் கொடுப்பார். அந்தக் காற்று புறப்பட்ட இடத்தை அவர் தம் எழுபது வயதுக்குள் எத்தனை முறை பார்த்திருப்பார் என்று எண்ணினால், ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

மேற்குப் புறநகர் ஏரிகளின் பிரதேசம். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு நீர்நிலை கண்ணில் படும். இந்த ஏரிகளுக்கிடையே, 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள் தொழிற்சாலையும், 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அறுபதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எழுந்தபோது, சங்கொலிக்கும் ஷிப்டுக்கும் கட்டுப்பட்ட ஒரு புதிய வாழ்க்கை இங்கே உருவாயிற்று. அந்த வாழ்க்கையில் குடும்பத்தோடு வெளியூர் போவது என்றால் திருப்பதி, அல்லது குலதெய்வம் கோயில். கடற்கரை என்றால் காணும் பொங்கலன்று மெரினா, அல்லது விஜிபி கோல்டன் பீச்சில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்கவைக்கப் பார்த்துவிட்டு வருதல். இவையெல்லாம் அன்றிரவே வீடு திரும்பும் பிரயாணங்கள். நாங்கள் போன இடமெல்லாம் எங்கள் வீட்டு அடுப்பங்கரையும் கூடவே வந்தது என்பதை நான் வெகுகாலம் கவனிக்கவில்லை. ஒரு தூக்கில் புளியோதரையும், இன்னொன்றில் தயிர்சாதமும், காகிதத்தில் மடித்த ஊறுகாயும் பையில் ஏற வேண்டுமானால் ஒருவர் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்தாக வேண்டும். அந்த ஒருவருக்கு மட்டும் உல்லாசப் பயணம் என்பது கூடுதல் வேலை நாளாகவே இருந்தது.

ஆகையால், சென்ற தை மாதத்தில் கோவளத்தருகே உள்ள ஓர் உயர்தரக் கடற்கரை ரிசார்ட்டில் இரண்டு இரவு தங்குவது என்று நாங்கள் தீர்மானித்தபோது, அது எங்கள் குடும்பத்தின் பழக்கத்துக்கே மாறான காரியமாக இருந்தது. எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பங்கள் பலவும் இப்போது திருமண நாளென்றும், அறுபதாம் கல்யாணமென்றும், பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததென்றும் இந்த ரிசார்ட்டுகளை நாடுகின்றன. அவை எப்படித் தோன்றின, எதற்காகப் பணம் வாங்குகின்றன, அங்கே போகிறவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றைக் கொஞ்சம் சாவகாசமாகச் சொல்லலாம் என்றே இதை எழுதுகிறேன்.

போகும் வழி இப்போது எளிது. நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையில் ஏறினால், நசரத்பேட்டை வழியாக வண்டலூரில் இறங்கி, கேளம்பாக்கத்தைத் தாண்டியதும் உப்பங்கழியும் உப்பளங்களும் இருமருங்கும் விரிகின்றன. அங்கேயே காற்றில் உப்பு ஏறிவிடுகிறது. அதைக் கடந்தால் கோவளம்.

கோவளத்தைப் பற்றி முதலில் சொல்லாமல் அங்கே எழுந்த விடுதிகளைப் பற்றிச் சொல்வது முறையாகாது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் இங்கே கட்டிய கோட்டைக்குச் சதத் பந்தர் என்று பெயர். 1750இல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் கரைக்கப்பால் நங்கூரமிட்டு, மாலுமிகள் பலர் ஸ்கர்வி நோயால் மாண்டுவிட்டார்கள், எஞ்சியவர்களுக்காவது கரையில் இடம் தர வேண்டும் என்று கெஞ்சியது. கோட்டைத் தலைவர் இரங்கினார். கப்பல் ஆட்களில் மெலிந்தவர்களாகப் பொறுக்கியெடுத்த முப்பது பேர், உடைக்குள் ஆயுதங்களை மறைத்துக்கொண்டு, நோயாளிகளைப்போல் தள்ளாடி உள்ளே வந்து, இரவில் எழுந்து கோட்டையைக் கைப்பற்றிக்கொண்டார்கள். இரண்டே வருஷத்தில், 1752இல், ராபர்ட் கிளைவ் படையோடு வந்து அதைப் பிடித்தார். கோட்டை பின்பு தகர்க்கப்பட்டது. இந்தப் பழங்கோட்டை மண்ணையொட்டித்தான் 1974இல் தாஜ் குழுமத்தின் ஃபிஷர்மென்ஸ் கோவ் விடுதி எழுந்தது. சென்னையை அடுத்த கடற்கரையில் உல்லாச விடுதி என்னும் வழக்கத்துக்கு அடிகோலியவற்றுள் அது ஒன்று.

கோவளத்துக் கோட்டை நோயாளி வேஷத்தில் பறிபோன அதே 1750ஆம் ஆண்டில்தான் இங்கிலாந்தில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்னும் வைத்தியர், கடல்நீரில் குளிப்பதும் அதைப் பருகுவதும் சுரப்பி நோய்களுக்கு மருந்தாகும் என்று லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய சிகிச்சையை நாடிச் செல்வர்கள் குவிந்த பிரைட்டன் என்ற மீனவர் ஊர், ஐரோப்பாவின் புகழ்பெற்ற கடற்கரை வாசஸ்தலமாயிற்று. மருந்தாகத் தொடங்கியது நாளடைவில் வேடிக்கையாயிற்று. குளிர்நாட்டார் வெயிலைத் தேடி வெப்ப நாடுகளின் கரைகளுக்கு வந்தபோது அது ஒரு பெரும் தொழிலாயிற்று. 1950இல் பிரான்ஸில் தொடங்கிய கிளப் மெட் என்ற நிறுவனம் தங்குமிடம், உணவு, விளையாட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் என்னும் முறையைப் பரப்பியது.

நம் பக்கத்துக் கடற்கரை விடுதிகளின் தோற்றத்துக்கு வேறொரு மூலம் உண்டு. அதைச் சொல்லும்போது எனக்கு மனம் நிறைகிறது. இலங்கையில் வழக்கறிஞராயிருந்து கட்டடக் கலைஞராக மாறிய ஜெஃப்ரி பாவா, 1969இல் பெந்தோட்டைக் கடற்கரையில் ஒரு விடுதி கட்டி முடித்தார். ஐரோப்பாவிலிருந்து வரும் விருந்தினருக்காக ஐரோப்பியப் பெட்டிக் கட்டடம் ஒன்றை எழுப்பாமல், ஓட்டுக் கூரை, ஆழ்ந்த தாழ்வாரம், நடுவே நீர்நிலையோடு கூடிய முற்றம், காற்று தாராளமாய்ப் புகுந்து வெளியேறும் கூடங்கள் என்று நம்மூர் வீடுகளின் அங்கங்களையே அவர் எடுத்தாண்டார். மதுரையில் ஒரு கிளப் கட்டடம் அமைத்தவரும், சென்னைக் கன்னிமரா ஹோட்டலைப் புதுப்பித்தவரும் அவரே. இன்று ஆசியக் கடற்கரைகளில் காணும் உயர்தர ரிசார்ட்டுகள் பலவற்றின் சாயல் அவர் வழி வந்தது. நாங்கள் தங்கிய காட்டேஜின் தாழ்வாரத்தில் கால் வைத்தவுடன் என் தாயார் கேட்டது இதுதான்: "இது நம்ம பெரியம்மா வீட்டுத் திண்ணை மாதிரியே இருக்கேடா?" திருமுல்லைவாயிலில் அந்தத் திண்ணையை இடித்து, நாலு மாடி அடுக்ககம் எழுந்து பல வருஷங்களாகின்றன. நாம் கைவிட்ட சௌகரியத்தைத்தான் இப்போது நாள் வாடகைக்குப் பெறுகிறோம் என்பது என் அபிப்பிராயம்.

இவ்விடுதிகள் உயரமாய் எழாமல், சவுக்கு மரங்களுக்கடியில் தாழ்வாகப் படர்ந்திருப்பதற்கு ரசனை மட்டும் காரணமன்று. சட்டமும் ஒரு காரணம். கடற்கரையில் ஓத எல்லையிலிருந்து 500 மீட்டர் வரையில் கட்டடங்களால் நிரப்பிவிடக் கூடாதென்று பிரதமர் இந்திரா காந்தி 1981இல் முதலமைச்சர்களுக்கு எழுதினார். அதையொட்டி 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. ஊர்ப்புறக் கரைகளில் உயர் ஓத எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் எழும் கடற்கரை விடுதியும் இரண்டு தளத்துக்கும், கூரை முகட்டோடு சேர்த்து 9 மீட்டர் உயரத்துக்கும் மேற்படலாகாது. மணல் மேடுகளைச் சமன்செய்யலாகாது. இரண்டு விடுதிகளுக்கிடையே பொதுமக்கள் கரைக்குச் செல்லக் குறைந்தது 20 மீட்டர் அகல வழி விட வேண்டும் என்றெல்லாம் அது வகுத்தது. பின்னர் 2011இலும் 2019இலும் அறிவிக்கைகள் மாறின. சில இடங்களில் எல்லைகள் தளர்ந்தன. ஆயினும் அலை வந்து மீளும் மணல் எந்த விடுதிக்கும் உரியதன்று என்பதை விருந்தினர் அறிந்திருக்க வேண்டும். ரிசார்ட் நமக்கு விற்பது கடலை அல்ல. கடல் யாருடைய சரக்கும் அல்ல.

அப்படியானால் அது எதை விற்கிறது? இரண்டாம் நாள் விடியற்காலையில் எனக்கு அதற்கு விடை கிடைத்தது. நாலரை மணிக்கு எழுவது என் தாயாருக்கு ஐம்பது வருஷப் பழக்கம். தகப்பனார் முதல் ஷிப்டுக்குப் போகும் காலத்தில் ஏற்பட்ட அந்தப் பழக்கம், அவர் ஓய்வு பெற்ற பின்னும், அவர் மறைந்த பின்னும் மாறவில்லை. அன்றும் தாயார் எழுந்தார். பற்ற வைக்க அடுப்பில்லை, தெளிக்க வாசலில்லை, பால் பாக்கெட் எடுக்கப் படியில்லை. என்ன செய்வதென்று புரியாமல் படுக்கை விரிப்புகளை மடித்து வைத்தார். முதல்நாள் இரவு நாங்கள் காப்பி குடித்து வைத்திருந்த கோப்பைகளைக் குளியலறைத் தொட்டியில் கழுவிக் கவிழ்த்தார். காலையில் அறையைச் சுத்தம் செய்ய வந்த பிள்ளை, திருப்போரூர்ப் பக்கத்தவன், அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா நீங்க பண்றீங்க? அதுக்குத்தானே நாங்க இருக்கோம், வைங்கம்மா" என்றான். "எச்சிக் கப்பை அப்படியே போட்டு வெச்சா, வர்ற புள்ள என்னப்பா நினைக்கும்?" என்றார் இவர். அவன் ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியைக் கடலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, "செத்த நேரம் இங்க உக்காருங்கம்மா" என்றான்.

அவர் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கையில் முறம் இல்லை, ஆய்வதற்குக் கீரை இல்லை, மடிப்பதற்குத் துணி இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் என் தாயாரை நான் என் ஆயுளில் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். மூன்றாம் நாள் விடியலில் அவர் கோப்பைகளைக் கழுவவில்லை; எழுந்ததும் நேரே நாற்காலிக்குப் போனார்.

நீச்சல்குளமும் பஃபே விருந்தும் பிள்ளைகளுக்கு ஆனந்தந்தான். ஆனால் ஒரு குடும்பத்தில் என்றைக்குமே ஓய்வறியாத ஒருவருக்கு ஓய்வைக் கட்டாயமாக்கித் தருகிற இடம் என்ற முறையில்தான் அந்தச் செலவை நான் நியாயமென்று கருதுகிறேன்.

செலவைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசிவிடுவது நல்லது. விடுதிகளில் ஒருநாள் என்பது 24 மணி நேரமன்று. பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு அறை தருவார்கள், புறப்படும் நாளில் பகல் பதினொன்று, பன்னிரண்டுக்குள் காலி செய்யச் சொல்வார்கள். ஆகவே ஓர் இரவு தங்குவதென்பது போவதிலும் வருவதிலும் கழிந்துவிடும். இரண்டு இரவுக்குக் குறைந்து போவதில் பயனில்லை. நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. விளம்பரத்தில் காணும் தொகை பெரும்பாலும் அது சேராத தொகை. காலைச் சிற்றுண்டி சேர்ந்ததா, இரவு உணவும் சேர்ந்ததா, எத்தனை வயது வரை குழந்தைக்குக் கட்டணமில்லை, கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு என்பவற்றை முன்கூட்டியே கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். சனி, ஞாயிறுகளைவிட வாரத்தின் நடுநாட்களில் வாடகை கணிசமாகக் குறையும். எஸ்டேட்டில் வாரவிடுமுறை வெள்ளியிலோ செவ்வாயிலோ வரும் குடும்பங்களுக்கு இது அனுகூலம். முதியோர் வருகிறார்களானால் தரைத்தளத்து அறையும், வழுக்காத குளியலறையும் கேட்டுப் பெறுங்கள். இவ்வளவு செலவு இயலாதவர்களுக்கு மாமல்லபுரத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கடற்கரை விடுதி இருக்கிறது. முட்டுக்காட்டில் படகுக் குழாம் இருக்கிறது. கோவளத்துப் பொதுக் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது.

வேலிக்கப்பால் இருக்கும் ஊரைப் பாராமல் திரும்புகிறவர்கள் கடலைப் பாதியே பார்த்தவர்கள். இரண்டாம் நாள் நான் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குப்பத்துக் கரைக்குப் போனேன். ஃபைபர் படகுகள் அலைமேல் ஏறி மணலில் வந்து மோத, ஆண்கள் வலையைப் பிரித்து உதற, சங்கராவும் காரப்பொடியும் நெத்திலியும் கூடைகளில் விழ, பெண்கள் அங்கேயே ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் மகனிடம், தெற்கேயிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்துக்குத் தெண்டி என்றும், வடக்கேயிருந்து தெற்கே ஓடுவதற்கு வன்னி என்றும் பெயர் சொல்லி, கையை மணலில் இழுத்துக் காட்டினார். "அலை அடிக்கிற எடத்தப் பாத்து எல்லாரும் பயப்படுவாங்க தம்பி. அலை ஒடையாம அமைதியா இருக்குது பாரு, அங்கதான் எறங்கக் கூடாது" என்றார்.

அந்தப் பெரியவர் சொன்னதன் காரணம் இது. அலைகள் கரைமேல் தள்ளிய நீர் எப்படியாவது திரும்பியாக வேண்டும்; மணலடியில் பள்ளமான ஓர் ஒடுங்கிய வழியைப் பிடித்து அது கடலுக்குள் விரைந்தோடும். பள்ளத்தின் மேல் அலை உடையாது; ஆகவே பார்க்கிறவர்களுக்கு அதுவே குளிக்கத் தக்க இடம்போல் தோன்றும். நம் கிழக்குக் கரையில் விடுமுறை நாட்களில் நேரும் சாவுகளில் பல இந்த இழுப்பினால் நேர்பவை. அகப்பட்டுக்கொண்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்து மூழ்குவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் சிறிது தூரத்தில் விடுபடுவார். ஏரியிலும் கிணற்றிலும் நீந்திப் பழகிய ஆவடிப் பிள்ளைகளுக்கு அந்தத் திறமை கடலில் போதாது. விடுதிக் காவலர் சிவப்புக் கொடி நட்டிருந்தால் கணுக்கால் நீரோடு நிற்பதே விவேகம்.

தை முதல் பங்குனி வரை இக்கரைக்கு வேறொரு விருந்தாளியும் வருகிறது. இரவில் கரையேறி, மணலைத் தோண்டி, நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுத் திரும்பும் பங்குனி ஆமை அது. ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பொரியும் குஞ்சுகள், இருளில் எந்தத் திசை வெளிச்சமாயிருக்கிறதோ அதுவே கடல் என்று எண்ணி ஓடும். விடுதி விளக்குகள் எரிந்தால் கடலுக்கு முதுகு காட்டிக் கரைமேல் வந்து மடியும். கடலைப் பார்த்த தாழ்வாரத்து விளக்கை இரவில் அணைத்துவிடுங்கள். உங்கள் அறையில் மட்டுமன்று, விடுதி நிர்வாகத்திடமும் கேளுங்கள். விருந்தினர் நாலு பேர் கேட்டால் அவர்கள் செய்வார்கள்.

கோடை விடுமுறையில் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனம்பெருகும் அந்நாட்களில் சிறுபடகுகளே கடலுக்குப் போகின்றன. சாப்பாட்டு மேஜையில் வஞ்சிரம் இல்லையே என்று அப்போது முகம் சுளிப்பது தகாது.

குடும்பத்தோடு கடற்கரையில் போய்த் தங்குவது வெள்ளையர் நமக்குக் கற்றுத் தந்த வழக்கம் என்று எண்ணுகிறவர்கள், மாசி மகத்தன்று மாமல்லபுரத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் இருளர் குடும்பங்கள் அங்கே வந்து, மணலில் கழிகளை நட்டு, சேலைகளையும் தார்ப்பாய்களையும் கட்டிக் கூடாரமிட்டுத் தங்குகின்றன. இரவெல்லாம் பாட்டும் ஆட்டமுமாய்க் கழியும். பௌர்ணமி விடியலில் ஈர மணலில் படி அமைத்துத் தங்கள் கன்னியம்மனை வழிபடுவார்கள். அங்கேயே பெண் பார்ப்பதும், நிச்சயிப்பதும், தாலி கட்டுவதும் நடக்கும். எங்கள் ஆவடி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலிருந்தும் வண்டி பிடித்துப் போகும் அம்மக்களுக்குக் கடல் அம்மன் வாழும் வீடு. அவர்கள் தங்கும் அந்த மணற்பரப்பை எந்த வேலியும் நெருங்காமல் காக்க வேண்டியது அரசின் பொறுப்பு. விடுதியில் தங்கி மகிழ்கிற நம்முடைய பொறுப்பும் ஆகும்.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வருஷம் ஒரு கடற்கரைக்குப் போவதாக இருந்தால், பிள்ளைகளின் பரீட்சை அட்டவணையைப் பார்த்து நாள் குறிப்பதற்கு முன், வீட்டில் அடுப்புக்கெதிரே நின்று வயதானவரைப் பார்த்து நாள் குறியுங்கள். மழை விட்ட தை, மாசியில், வாடகை குறைந்த ஒரு செவ்வாய், புதனாகப் பாருங்கள். மணலில் நடக்க முழங்கால் பலம் வேண்டும். அது இருக்கும்போதே அவரை அழைத்துப் போங்கள்.